மாதா கோயிலின் மேட்டுத்தரை

தொழிற்சங்க வேலையில் இருக்கிறவன் எந்தக் கட்டடத்துக்குள் போனாலும் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் பார்ப்பான். சுவரொட்டிப் பசை காய்ந்த விரல்களோடு அலைந்த உங்களுக்கும் இந்த வியாதி இருக்கும்.

குடோன்

எழுபதுகளில் போடியில் எங்கள் தெருவில் இருந்த மாதா கோயில், கோயிலாவதற்கு முன்பு ஏலக்காய் குடோன். ஒரு எஸ்டேட் முதலாளியின் அப்பா தானமாகக் கொடுத்தது. தடித்த சுவர், கூரையை ஒட்டிச் சின்னச் சன்னல்கள். மூட்டையில் ஈரம் ஏறாதிருக்க வலப்பக்கத் தரையை முழங்கால் உயரத்துக்குத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். மூட்டைகள் போனபின் அந்த மேட்டில் முதலாளி குடும்பம் உட்கார்ந்தது. மலையிலிருந்து ஜீப்பில் வரும் தொழிலாளர்களுக்குப் பள்ளம். மழைக்காலத்தில் அங்கே தண்ணீர் ஊறும். சங்கத்து ஆட்களைப் பார்க்க நானும் ஞாயிறுதோறும் அங்கே போவேன்.

ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிற மேரியம்மாளுக்கு மூட்டுவலி. ஈரத்தில் முழங்காலிட்டுவிட்டு எழ முடியாமல் சுவரைப் பிடித்தாள். “மேட்டில் ஏறி உட்கார வேண்டியதுதானே?” என்றேன்.

“மூட்டை தூக்கத்தாண்ணே அதுல ஏறிப் பழக்கம்.”

நோட்டீஸ்

‘ஆண்டவன் முன் எல்லோரும் சமமென்றால் தரையும் சமமாகட்டும்’ என்று நோட்டீஸ் அடித்துக் கோயில் கதவிலேயே ஒட்டினேன். பங்குச்சாமியார் கூப்பிட்டனுப்பினார். சண்டைக்குத் தயாராகப் போனேன். காப்பி கொடுத்தார்.

“தானம் கொடுத்தவங்க மேட்டுல நான் கைவைக்க முடியாதப்பா. பள்ளத்த நெரப்ப வேணாம்னு யாரும் சொல்லல. மண்ணு கொண்டா.”

மண்

ஊரைச் சுற்றி மண் எடுக்கிற நிலமெல்லாம் முதலாளியின் சொந்தக்காரர்களுடையது. ஆகவே போடிமெட்டு மலைப்பாதையில் சரிந்து கிடந்த மண்ணை, ஞாயிறுதோறும் இறங்கி வருகிறவர்கள் ஆளுக்கொரு சாக்கு அள்ளி வந்தார்கள். அடிவாரச் செக்போஸ்டில் காவலர் ஒருவர் சாக்கில் கம்பியைக் குத்தி, முகர்ந்து பார்த்தார்.

“ஏலக்காய் கடத்துறவன் தெரியும், காப்பிக்கொட்டை கடத்துறவன் தெரியும். மண்ணக் கடத்துற கூட்டத்த இன்னைக்குத்தான்யா பாக்குறேன்!”

நாற்காலி

அடுத்த மழைக்குமுன் பள்ளம் நிரம்பிவிட்டது. மண்ணைக் கெட்டித்து, கல் பாவி, தரை முழுக்க ஒரே மட்டமாக்கினோம். முதல் ஞாயிறு, முதலாளி வீட்டம்மாவின் கால், இல்லாத படியைத் தேடியது. பக்கத்தில் மேரியம்மாள், ஈரமில்லாத தரையில். மறுவாரம் முதலாளி வீட்டிலிருந்து நாற்காலிகள் வந்து இறங்கின. அடுத்த நோட்டீஸுக்கு அச்சகத்துக்குக் கிளம்பிய என்னை மேரியம்மாள்தான் நிறுத்தினாள்.

“விடுங்கண்ணே. நாற்காலிய நாளைக்கே தூக்கிட்டுப் போயிரலாம். தரையத் தூக்க முடியுமா?”

மலையெங்கும் கொடி பிடித்த என் காலத்தில், வைத்த கோரிக்கை குறையில்லாமல் நிறைவேறியது நான் கும்பிடாத சாமியின் கோயிலில் மட்டும்தான்.