வாய்க்குள் கூப்பிட்ட பெயர்

போன வாரம் ஆபீஸில் மேஜையை ஓங்கித் தட்டிவிட்டேன். தண்ணீர் கிளாஸ் கவிழ்ந்து ஃபைல் எல்லாம் ஈரம்.

காரணம், சக ஊழியர் ஒருவர். என்மேல் ஏதோ வருத்தம். என்னவென்று வாய்திறந்து சொல்லவில்லை. எனக்கு வந்த டெலிபோன் செய்தியை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார். கேட்டால், "அப்பவே சொன்னேனே லா... உங்களுக்குக் கேக்கல போல" என்கிறார். சிரித்துக்கொண்டே!

இந்தச் சின்ன விஷயத்துக்கா இவ்வளவு கோபம் என்று எல்லோரும் பார்த்தார்கள். சின்ன விஷயமா? இந்தச் சிரிப்பை நான் ஜப்பான்காரன் காலத்திலேயே பார்த்தவன்.

அப்போது மலாயாவில், புக்கிட் செலம்பாவ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் சின்ன கிராணி, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தா. வெள்ளைக்காரத் துரை ஓடிப்போயிருந்தார். ரப்பரை வாங்க ஆளில்லை, மரவள்ளி நட்டுக்கொண்டிருந்தோம். துரை போனாலும் துரைத்தனம் போகவில்லை — எதிரே பெரிய கிராணி வந்தால், தொழிலாளி சைக்கிளைவிட்டு இறங்கி நிற்க வேண்டும்.

ஒருநாள் சுப்பையா என்ற தொழிலாளி இறங்கவில்லை. எப்படி இறங்குவார்? பின்னால் நிறைமாத மனைவி அஞ்சலை, காய்ச்சலோடு அவர் முதுகில் சாய்ந்து கிடந்தார். டயர் கிடைக்காத காலம். சக்கரத்தில் கயிறு சுற்றிய சைக்கிள். நிறுத்தினால் இரண்டு பேரும் விழ வேண்டியதுதான்.

பெரிய கிராணி திட்டவில்லை. மறுநாள் அஞ்சலையின் உடம்பைப் பற்றி விசாரிக்கக்கூடச் செய்தார். எனக்கே அவர்மேல் மதிப்பு கூடியது. என்ன முட்டாள் நான்!

தோட்டத்தில் விடிகாலையில் பெரட்டு. எல்லோரும் வரிசையில் நிற்க, பெரிய கிராணி ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். குரல் கொடுக்காதவர் வேலைக்கு வராதவர். லயத்துக் கடைசி வீடுவரை கேட்கும் குரல் அவருக்கு. அன்று சுப்பையா பெயர் வந்தபோது மட்டும் அது வாய்க்குள்ளேயே அடங்கிப்போனது. பேனா ஒரு கோடு போட்டது. அடுத்த பெயர் மறுபடியும் உரக்க.

சுப்பையா கடைசிவரை காத்திருந்துவிட்டு வந்து கேட்டார். "கூப்பிட்டேனேப்பா. கவனமா நிக்கணும் லா" என்றார் பெரிய கிராணி, அத்தனை அன்பாக.

மறுநாள் சுப்பையா முன்வரிசையில் வந்து நின்றார். அவரவர் இடத்தில்தான் நிற்க வேண்டும் என்று சொல்லி, பெரிய கிராணி அவர் தோளைத் தட்டிப் பின்னுக்கு அனுப்பினார். அன்றும் கோடு. மூன்றாம் நாளும்.

வேலைக்கு ஒழுங்காக வராதவர்களை முதலில் சயாமுக்கு அனுப்பு, ரயில் பாதை போட — இது எங்கள் தோட்டத்துக்கு வந்திருந்த ஜப்பான்காரன் உத்தரவு. போனவர்கள் திரும்பவில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். பெரிய கிராணிக்கும் தெரியும்.

லாரி வந்தது. சுப்பையா யாரிடமும் சண்டை போடவில்லை. என்னிடம் வந்தார்.

"சின்ன கிராணி ஐயா, நீங்க பக்கத்துலதானே நின்னீங்க... என் பேரைக் கூப்பிட்டாங்களா?"

பெரிய கிராணி என்னைப் பார்த்துச் சிரித்தார். கையில் சயாம் பட்டியல். தொழிலாளிகளோடு ஒரு கிராணியும் போக வேண்டும். அந்த இடம் இன்னும் காலியாக இருந்தது.

"கூப்பிட்டாங்க" என்றேன்.

பொய் இல்லை, பாருங்கள். கூப்பிட்டார்தான். எனக்குக் கேட்டது.

சுப்பையா திரும்பி வரவில்லை. அஞ்சலைக்குப் பிறந்த பெண் அப்பாவின் முகத்தைப் பார்க்காமலே வளர்ந்தாள்.

நேருக்கு நேர் கத்துகிறவனோடு நானும் கத்திவிடுவேன். சிரித்துக்கொண்டே குழி பறிக்கிறவனை என்ன செய்வது? அவன் தனியாகப் பறிப்பதில்லை. பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு ஒருவன் நிற்க வேண்டும்.

இத்தனை வருடமாகப் பெரிய கிராணியை நான் திட்டியாகிவிட்டது. இந்த வாரம் நீங்கள் என்னைத் திட்டுங்கள்.