கப்பல், லோஞ்ச், வள்ளம்

என் கணவரின் அக்கா, எனக்கு மச்சாள், சரவணை என்ற தீவுக் கிராமத்தில் பிறந்து அங்கேயே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர். தீவுக்காரி என்றாலும் கடலுக்குக் குறுக்கே போட்ட தாம்போதியால் பஸ்ஸில் யாழ்ப்பாணம் போய்வரலாம் என்பதால் அவருக்குக் கடலில் போக வேண்டிய தேவை வரவேயில்லை. அறுபதுகளின் கடைசியில் ஒரு விடுமுறைக்கு அவரையும் கூட்டிக்கொண்டு தலைமன்னாரிலிருந்து கப்பலில் இராமேஸ்வரத்துக்குப் போனோம். அதுதான் அவருடைய முதல் கடற்பயணம்.

அந்தக் கப்பலை நான் வாய் பிளந்து பார்த்தேன். வெள்ளை நிறமும், மேல்தட்டில் வரிசையாய்ப் போட்ட கதிரைகளும், உள்ளே சமைத்துத் தேத்தண்ணி விற்கிற குசினியும்.

"ஒரு பள்ளிக்கூடத்தைத் தூக்கிக் கடலில வைச்ச மாதிரி," என்றார் மச்சாள்.

கரை மறைவதற்குள் தின்றதையெல்லாம் சத்தி எடுக்கத் தொடங்கிவிட்டார். இறங்கும்வரை ஒரு மூலையில் சுருண்டு கிடந்தார். அத்தனை சனம் போனது, ஒருவரும் என்னவென்று கேட்கவில்லை. ஆனாலும் அவர் குறை சொல்லவில்லை.

"கப்பல் நல்ல கப்பல். என்ர வயிறுதான் சரியில்லை."

சில வருடங்களுக்குப் பிறகு, சித்திரை விடுமுறையில், கணவரோடு கொழும்பில் வேலை செய்த நெடுந்தீவு நண்பர் ஒருவர் எங்களைத் தீவிலுள்ள தன் வீட்டுக்கு அழைத்தார். மச்சாளும் வந்தார். குறிகட்டுவான் துறையில் நெடுந்தீவுக்குப் புறப்பட நின்ற மோட்டார் லோஞ்சை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி, இது அந்தக் கப்பலின்ர குசினி அளவுகூட இல்லை."

உள்ளே குனிந்துதான் இறங்க வேண்டும். டீசல் மணம், அரிசி மூட்டைகள், இரண்டு ஆடுகள். பாதி வழிக்கு முன்பே மச்சாளுக்குத் தலை சுற்றியது. ஆனால் இங்கே ஒருத்தி தேசிக்காயை வெட்டி, புளிப்பு மணத்தை மோந்து பார்க்கச் சொல்லிக் கையில் தந்தாள். இன்னொருத்தி மடியில் தலை வைக்கச் சொன்னாள். லோஞ்ச் ஓட்டி அவரை மேலே கூப்பிட்டுத் தன் பக்கத்தில் இருத்தினார். இறங்கும்போது மச்சாளின் முகம் தெளிந்திருந்தது.

"கப்பலை விட இது திறம்," என்றார். "ஆக்கள் ஆக்களைப் பாக்கினம்."

திரும்பி வருகிற நாள் கோயில் திருவிழா முடிந்த சனம் முழுவதும் துறையில் நின்றது. லோஞ்சில் உள்ளே மட்டும்தான் இடம்.

"உள்ளுக்கை இறங்க என்னால ஏலாது," என்று மச்சாள் நின்றுவிட்டார்.

நண்பரின் அயலவரான ஒரு மீனவர் தன் மனைவியோடு பாய் கட்டிய சின்ன வள்ளத்தில் குறிகட்டுவானுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். சரவணைப் பக்கம் இருக்கிற சுருவிலில் அவர்களுடைய மகளுக்குப் பிள்ளை பிறந்திருந்தது. எங்களையும் ஏற்றிக்கொள்வதாகச் சொன்னார்.

"அக்கா, லோஞ்சே உங்களுக்கு ஒத்துவரேல்லை. இதில என்னெண்டு போவீங்கள்?" என்றார் கணவர்.

மச்சாள் வள்ளத்தைக் கொஞ்சநேரம் பார்த்தார். "சாகிறதெண்டால் காத்துப் படுகிற இடத்தில சாவம்."

மீனவரின் மனைவி சிரித்தார். "ஒருத்தரும் சாகமாட்டினம், ரீச்சர். நடுவில இருங்கோ."

பயந்தது நான்தான். தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பாய் காற்றைப் பிடித்ததும் வள்ளம் ஒரு பக்கம் சரிந்து, சத்தமில்லாமல் ஓடத் தொடங்கியது. அவ்வளவு வேகத்தை நான் எதிர்பார்க்கவில்லை. மச்சாள் சத்தி எடுக்கவில்லை. மூக்குக்கண்ணாடியில் தெறித்த தண்ணீரைச் சேலைத் தலைப்பால் துடைத்துத் துடைத்து அலுத்து, கடைசியில் கழற்றி மடியில் வைத்தார். மகளுக்குச் சுகப்பிரசவமா, பால் சுரக்கிறதா என்று அந்த அம்மாவைக் கேட்டுக்கொண்டே, அவர் நீட்டிய புட்டையும் மீன் பொரியலையும் வாங்கிச் சாப்பிட்டார்.

பிந்திப் புறப்பட்ட லோஞ்ச் எங்களைக் கடந்து போனது. அது கிளப்பிய அலையில் வள்ளம் தூக்கி விழுந்தது. நான் விளிம்பை இறுகப் பற்றினேன். மச்சாள் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"பாரும், இது அலையோட சண்டை பிடிக்கேல்லை. அலை எழும்பத் தானும் எழும்புது."

குறிகட்டுவானில் எல்லோரும் ஒரே பஸ்ஸில் ஏறினோம். மச்சாள் எங்களோடு சரவணை வீட்டுக்கு வருவார் என்றிருந்தேன். ஆனால் அவர் மீனவரின் மனைவிக்குப் பக்கத்தில் போய் இருந்தார்.

"நீங்கள் வீட்டை போங்கோ. நான் இவையோட போய்ப் பிள்ளையைப் பாத்திட்டு வாறன்."

அடுத்தநாள் காலையில், உப்புப் படிந்து விறைத்த அதே சேலையோடு, ஒரு பொதி கருவாட்டுடன் வந்து சேர்ந்தார். பெண் குழந்தையாம், நல்ல நிறையாம்.