கோல்கீப்பருக்குத் தெரியாத தமிழ்

பிள்ளைகளே, நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். தொண்ணூறுகளின் கடைசி. மட்டாஞ்சேரியில் எங்கள் தமிழ் ஆட்களின் ஃபுட்பால் டீமுக்கு நான்தான் கோச். கோல்கீப்பர் சேவியர் மட்டும் மலையாளி. தோப்பும்படி ஹார்பரில் மீன் கூடை சுமப்பவன்.

எதிரணிக்குப் புரியக்கூடாது என்று ஆட்டத்தில் நான் வேகவேகமாகத் தமிழில்தான் கத்துவேன். அதை என் சாமர்த்தியம் என்று நினைத்திருந்தேன். இடைவேளையிலும் நாங்கள் வட்டமாக நின்று தமிழில் பேசுவோம். சேவியர் தள்ளி நின்று தண்ணீர் குடிப்பான். அடக்கமானவன் என்று நானே புகழ்ந்திருக்கிறேன்.

ஒரு அரையிறுதியில், "ரெண்டாவது கம்பத்தைப் பாருடா" என்று கத்தினேன். அவன் முதல் கம்பத்திலேயே நின்றான். கோல் விழுந்து தோற்றோம்.

எல்லார் முன்னாலும் கேட்டேன்: "காதுல பஞ்சா வச்சிருக்கே?"

அவன் கையுறையைக் கழற்றினான். "சேட்டா, நிங்ஙள் பறயுன்னது எனிக்கு மனசிலாவில்லல்லோ."

நான் பேசுவது அவனுக்குப் புரியாதாம். இரண்டு வருஷமாக.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே?" நான் கேட்டதை எங்கள் ஆள் ஒருவன் மலையாளத்தில் சொன்னான்.

"ஆரும் சோதிச்சில்லல்லோ." யாரும் கேட்கவில்லையே என்றான். கையுறையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான்.

மறுநாள் ஹார்பருக்குப் போய் எனக்குத் தெரிந்த மலையாளத்தில் மன்னிப்புக் கேட்டேன். சாயா வாங்கிக் கொடுத்தான், எல்லாரையும் விசாரித்தான். விளையாட மட்டும் வரவில்லை.

வேறு ஆள் கிடைக்கும்வரை பயிற்சியில் நானே கோல் கம்பத்தில் நின்றேன். அங்கிருந்து பார்த்தால் நம் ஆட்கள் எல்லாருடைய முதுகும்தான் தெரிகிறது.