என்ன சோலி என்று கேட்க விடாத சொல்

முந்தாநாள் செல்போனில் ஒரு பத்திரிகை வந்தது. எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளியிருக்கும் செந்தில் புது வீடு குடிபோகிறான். படத்தில் பிள்ளையாரும் குத்துவிளக்கும் மினுங்கின. கூடவே அவன் குரலில் ஒரு செய்தி.

"சித்தப்பா, ரொம்ப பிஸி. நேர்ல வந்து சொன்னதா நெனச்சுக்கிட்டு குடும்பத்தோட வந்துருங்க."

அதைக் கேட்கும்போது நான் என் வாசலில் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தேன். அவன் தன் வாசலில் பைக் துடைத்துக்கொண்டிருந்தான். இங்கிருந்து அவன் முதுகு தெரிந்தது. வாயைக் கொப்பளித்துத் துப்பினேன். கொஞ்சம் பலமாகவே துப்பினேன். என் கோபமெல்லாம் அவ்வளவுதான் வெளியே வரும்.

நான் அஞ்சாவதோடு நின்றவன். இங்கிலீஷ் தெரியாது. ஆனால் இந்த ஒரு சொல்லை நாள் முழுக்கக் கேட்கிறேன். கானாடுகாத்தானில் ஓட்டலாக மாற்றிய பெரிய வீடு ஒன்றில் எனக்கு வாட்ச்மேன் வேலை. மேனேஜர் பிஸி. லைன் பிஸி. ரோடு பிஸி, அதனால் வண்டி லேட்டு. சீசன் பிஸி. எல்லாவற்றுக்கும் ஒரே சொல். ஒரு கார் டிரைவர் மர நிழலில் சீட்டைச் சாய்த்து வாயைத் திறந்து தூங்குவார். பெஞ்சாதி கூப்பிடுவாள். "பிஸியா இருக்கேன், அப்புறம் பேசு" என்பார். மறுபடி வாயைத் திறப்பார்.

நானும் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். ஓட்டல் கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது வீட்டிலிருந்து போன். "பிஸியா இருக்கேன்" என்றேன். பெஞ்சாதி கேட்டாள்: "ஏன், கேட்டு எங்குட்டும் ஓடிப்போகப் பாக்குதாக்கும்?" அதோடு விட்டுவிட்டேன். ஆளுக்குத் தக்க சொல் வேண்டும்.

எங்களுக்கு இருந்தது சோலி. காரைக்குடியில் மரக்கடையில் நான் மரம் தூக்கிய காலத்தில், ஒருவன் வேலைக்கு வரவில்லை என்றால் மேஸ்திரி கேட்பார்.

"என்னடா சோலி?"

"மாடு கன்னு போடப் போகுதுண்ணே."

"அப்பச் சரி, போ. ஒம் மச்சினன அனுப்பிவிடு."

அவ்வளவுதான் பேச்சு. சோலிக்கு ஒரு பெயர் இருந்தது. கேட்கிறவன் எடை போட்டுப் பார்ப்பான், அவன் சோலி பெரிதா, நம் சோலி பெரிதா என்று. சொல்கிறவனும் சொல்லும்போதே பார்த்துக்கொள்வான். சில சமயம் சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கே வெட்கமாகி, "சரி வாரேன், இது கெடக்கு" என்று கிளம்பிவிடுவான். பிஸியில் அந்த வழி கிடையாது. என்ன பிஸி என்று கேட்கக் கூடாதாம். கேட்டால் நமக்குத்தான் மரியாதை தெரியாதாம். வேலையையும் சொல்லாமல், வரமாட்டேன் என்றும் சொல்லாமல் ஒரு மனுசன் தப்பித்துக்கொள்ளத் தோதான சொல். யார் கண்டுபிடித்தானோ.

மரக்கடையில் தேக்குத் தூள் மூக்கில் ஏறினால் ரெண்டு நாளைக்கு இறங்காது. ஓட்டுத் தூசியும் அப்படித்தான். பழைய நாட்டு ஓட்டைப் பிரிக்கும்போது கரியும் எலிப் புழுக்கையும் காய்ந்த பாசியுமாக ஒரு வாசம் வரும். எழுதும்போதே எனக்குத் தும்மல் வருகிறது.

ஐப்பசி மழைக்கு முன்னால் ஓடு மாற்றுவது எங்கள் ஊர் வழக்கம். நாச்சியாபுரத்துக்குப் பக்கத்தில் சின்ன ஊர். ஓட்டைப் பிரித்து, உடைந்ததைத் தள்ளி, மறுபடி அடுக்க வேண்டும். ஒரே பகலில் முடித்தாக வேண்டும். கூரையைத் திறந்து போட்டுவிட்டு நாளைக்கு என்று சொல்ல முடியாது. அதனால் வீட்டுக்கு ஒரு ஆள் வரும். வரிசையாக நின்று கைக்குக் கை மாற்றுவோம். முந்தின நாள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். ஆள் சேரட்டும் என்று காத்திருந்து பிரிப்பது கிடையாது. விடிந்ததும் வீட்டுக்காரன் ஏறிப் பிரிக்க ஆரம்பிப்பான். ஓட்டுச் சத்தம் கேட்டால் ஆள் வரும்.

என் அக்காவை உள்ளூரில்தான் கட்டிக்கொடுத்தது. அத்தான் கை கால் இழுத்துக்கொண்டு படுக்கையில் இருக்கிறார். பேச்சும் பாதிதான். போன புரட்டாசியில் அவர் கட்டிலுக்கு மேலேயே ஒழுகியது. நானும் அக்காவும் வீடு வீடாகப் போய்ச் சொன்னோம். எல்லாரும் தலையாட்டினார்கள். செந்தில், "என்ன அத்த, வந்தெல்லாம் சொல்லணுமா? மொத ஆளா நிப்பேன்" என்றான்.

காலையில் கட்டிலோடு அத்தானைத் தூக்கிப் புங்க மரத்தடியில் போட்டோம். நானும் எங்கள் தெருச் சம்சுதீன் பாயும் ஏறினோம். அவருக்கு என்னைவிட வயது கூட. சத்தம் நன்றாகவே கேட்கட்டும் என்று ஓட்டைத் தட்டித் தட்டி அடுக்கினேன். பாதிக் கூரை திறந்துவிட்டது. தெருவில் ஒரு நாய்கூட எட்டிப் பார்க்கவில்லை.

கூரைமேல் இருந்தே போன் போட்டேன். ஒருத்தன், "கொஞ்சம் பிஸிண்ணே, சாயங்காலம் பாக்குறேன்" என்றான். இன்னொருத்தன் எடுக்கவே இல்லை. செந்தில் எடுத்தான்.

"பிஸி சித்தப்பா."

"என்ன சோலி?"

"அதான் பிஸின்றேன்ல."

வைத்துவிட்டான். பாய் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஊருல எல்லாரும் கலெக்டரு ஆயிட்டாக மாப்ள. நீயும் நானுந்தான் சும்மா திரியிறோம்."

மதியத்துக்கு மேல் கோவிலூர்ப் பக்கம் வானம் கறுத்தது. ரெண்டு கிழவன்கள் எவ்வளவு வேகமாக அடுக்க முடியும்? படுதாவை இழுத்துக் கட்டினோம். காற்று பிய்த்துக்கொண்டு போனது. மழை நேராக வீட்டுக்குள் பெய்தது. அரிசி, துணி, கோரைப்பாய், தலையணை, அத்தானின் மாத்திரை எல்லாம் நனைந்தன.

கீழே இறங்கி நானும் பாயும் கட்டிலைத் தூக்கினோம். அக்கா சாக்கை விரித்து அத்தான் முகத்துக்கு மேல் பிடித்துக்கொண்டே ஓடி வந்தாள். பாய் வீட்டுக்குச் செந்தில் வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். அவன் வாசல் நிலையில் சாய்ந்து நின்று போனில் மழையைப் படம் பிடித்துக்கொண்டிருந்தான். எங்களைக் கண்டதும் பதறி இறங்கினான்.

"அத்த, விடுங்க, நான் புடிக்கிறேன்."

அக்கா நிற்கவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வேணாம்ப்பா. நீ பிஸி."

அதற்குப் பிறகு அக்கா ஓட்டையெல்லாம் இறக்கிவிட்டாள். காரைக்குடியிலிருந்து வெல்டிங்காரர்கள் வந்து தகரத்தை மாட்டிவிட்டுப் போனார்கள். "நல்லதாப் போச்சுடா தம்பி. இனிமே எவன் வாசல்லயும் போயி நிக்க வேணாம்" என்றாள். உண்மைதான். ஒழுகவில்லை. சித்திரையில் உள்ளே உட்கார முடியாது, அது வேறு கதை.

மழை பெய்தால் தகரத்தில் பெரிய சத்தம். அத்தானுக்குக் குரல் எழும்பாது. தண்ணீர் கேட்டாலும், மூச்சு முட்டினாலும், அடுப்படியில் இருக்கிற அக்காவுக்குக் கேட்காது. அதனால் மேகம் திரண்டாலே அவள் அடுப்பை அணைத்துவிடுகிறாள். போட்டது போட்டபடி வந்து கட்டில் சட்டத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொள்கிறாள். கையை அழுத்தினால் கூப்பிடுகிறார் என்று அர்த்தம்.

மழை விடும்வரை எழுந்திரிக்க மாட்டாள்.