துப்பச் சொன்ன துண்டு

என் வீட்டுக்காரர் நீலகண்டன் தர்பூசணியை விரலால் இரண்டு தட்டு தட்டினால் போதும், உள்ளே சிவப்பா வெளுப்பா என்று சொல்லிவிடுவார். தலத்தெருவில் சாலையோரம் இருபத்திரண்டு வருடமாகக் கடை போட்டிருக்கிறோம். பழம் தரையில் கிடந்த பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார். அங்கே நல்ல மஞ்சளாக இருந்தால் கொடியிலேயே பழுத்தது, வெளுத்திருந்தால் அவசரத்தில் பறித்தது. வைக்கோல் மேல் ஒன்றோடொன்று இடிக்காமல் படுக்கவைப்பார். என்னைத் தொட விடமாட்டார். "நீ வைக்கிற வைப்புக்குப் போட்டே ஒடைச்சுடலாம்" என்பார். பெரிய இவர்!

யார் வந்து கேட்டாலும் பழத்தில் முக்கோணமாக ஒரு துண்டு வெட்டி முதலில் தன் வாயில் போட்டுக்கொள்வார். அடுத்த துண்டுதான் வாங்குபவருக்கு. இனிக்கவில்லையென்றால் அந்தப் பழத்தை விற்கவே மாட்டார்.

போன ஆடியில் இவருக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ். தண்ணீரே அளந்துதான் குடிக்க வேண்டும், தர்பூசணியை வாயிலேயே வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கடவுளுக்கு வேறு வியாதியா கிடைக்கவில்லை? இந்த சீசனின் முதல் லோடு வந்த அன்றே எனக்குத் தெரியாமல் நாலு பத்தை தின்றுவிட்டு, மூச்சு முட்டி ஆம்புலன்சில் போனார்.

"யார்ட்டயும் சொல்லிப்புடாத வல்லி. சீக்காளி கையால வெட்டுன பழத்த எவன் வாங்குவான்?" என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். அதிலிருந்து துண்டை நான்தான் தின்று பார்த்தேன்; ஏன் என்று கேட்பவர்களிடம் அவருக்குப் பல் கூசுகிறது என்று சொல்லிச் சமாளித்தோம்.

நோன்பு மாதத்தில் ஒரு பிற்பகல், பட்டினத்திலிருந்து காஜா நஜ்முதீன் பாய் ஆட்டோவோடு வந்தார். வருடாவருடம் நோன்பு திறக்க எங்களிடம்தான் எடுப்பார். முப்பது பழம் வேண்டும் என்றார். இவர் தட்டித் தட்டி நல்லதாக ஒதுக்கினார். முகத்தில் அப்படியொரு களை! ஒன்றை வெட்டித் துண்டை நீட்டினார்.

"நான் நோன்புல இருக்கேண்ணே. நீங்க தின்னு பாத்துச் சொல்லுங்க, போதும்."

அவரும் தின்ன முடியாது, இவரும் தின்னக் கூடாது. நான் கையை நீட்டுவதற்குள் இவர் வாயில் போட்டுக்கொண்டார்.

"துப்புங்க!" என்று கத்தினேன். "துப்புங்கங்கிறேன்ல! மறுபடி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓட எனக்குத் தெம்பில்ல!"

இவர் உள்ளங்கையில் துப்பினார். பாய் எங்களை மாறி மாறிப் பார்த்தார். பழம் கெட்டது என்று நினைத்துவிடுவாரோ என்ற பயத்தில் கிட்னி, டயாலிசிஸ் எல்லாவற்றையும் சொல்லிக் கொட்டிவிட்டேன். அன்றைக்கு என் வாயில்தான் சனி உட்கார்ந்திருந்தான்.

பாய்க்குக் கண் கலங்கிவிட்டது. "யா அல்லாஹ்! இந்த ஒடம்ப வச்சுக்கிட்டா வெயில்ல நிக்கிறீங்க? உக்காருங்கண்ணே, நானே எடுத்துக்கிறேன்."

இவர் ஒதுக்கியது எது, ஒதுக்காதது எது என்று பாய் பார்க்கவேயில்லை. கைக்கு வந்ததை எல்லாம் ஆட்டோவில் ஏற்றினார்.

"பாய், அது வேணாங்க, அது வெளுப்பு" என்று இவர் எழுந்தார்.

"பரவால்லண்ணே, இருக்கட்டும்." தோளைப் பிடித்து உட்காரவைத்துவிட்டார். நல்ல மனுஷர். யாரை நான் திட்டுவது?

ஆட்டோ போன பிறகும் இவர் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதினோரு பழம் வெளுப்பு வல்லி. நோன்பு தொறக்கயில எல்லாத்தயும் வெட்டுவாங்க."

"பாய்க்குப் போன் போட்டுச் சொல்லட்டுமா? மாத்திக் குடுத்துடலாங்க."

"சொன்னா, பரவால்லம்பாரு." கையில் ஒட்டியிருந்த விதையை உதறினார். "இனிமே எல்லாரும் அதத்தான் சொல்லுவாங்க."