ஒரு பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர்

என் மகள் இப்போது ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். வயிறு வலித்தால் எந்த இடத்தில், எப்போதிருந்து, எவ்வளவு என்று அவளே கையை வைத்துக் காட்டிச் சொல்லிவிடுகிறாள். எனக்கு அது பெரிய நிம்மதி. ஆனாலும் ஒன்றும் சொல்லத் தெரியாமல் என் தோளில் கன்னத்தை வைத்துக் கிடந்த அந்த ஒன்றேகால் வயதுக் குழந்தையின் கனம் சில நாள் மத்தியானங்களில் தோளுக்கு ஞாபகம் வந்துவிடுகிறது. அப்படி ஞாபகம் வரும்போதெல்லாம் நான் போய் நிற்பது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையில்தான். நான் மிகவும் பயந்த நாள் அது. அதையே ஏன் இவ்வளவு ஆசையாக நினைத்துக்கொள்கிறேன் என்று எனக்கே விளங்குவதில்லை.

அப்போது நாங்கள் தோவாளையில் வாடகை வீட்டில் இருந்தோம். கணவர் மஸ்கட்டில். நான் ஆரல்வாய்மொழிப் பக்கம் ஒரு பள்ளியில் வேதியியல் ஆசிரியை. என் சொந்த ஊர் மார்த்தாண்டத்துக்கு அருகில். அடுத்த போர்ஷனில் இருந்த அக்கா வீட்டிலேயே இருந்து கடைக்குப் பூக்கட்டிக் கொடுப்பார். இரண்டு வீட்டுக்கும் ஒரே மாடிப்படி. அந்தப் படியின் உச்சியில் நின்றால்தான் சிக்னல் கிடைத்து, வீடியோ காலில் முகம் உடையாமல் தெரியும்.

குழந்தைக்குச் சனிக்கிழமை மத்தியானம் வயிற்றுப்போக்கு தொடங்கியது. ஞாயிறு காலைக்குள் ஒன்பது தடவை. ஒவ்வொன்றையும் நேரம், நிறம், அளவு போட்டு ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அன்று சர்ச்சுக்குப் போகவில்லை. நாங்கள் வழக்கமாகக் காட்டும் குழந்தை டாக்டர் ஞாயிற்றுக்கிழமை உட்காரமாட்டார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் அந்தச் சின்னக் கையில் ஊசி குத்தி டிரிப் ஏற்றிவிடுவார்களோ என்று பயம். போகாமல் இருப்பதும் தப்போ என்று அதைவிடப் பயம்.

அய்யாவழிக்காரர்களின் வழிபாட்டு இடமான நிழல்தாங்கலுக்குப் போய்விட்டு நெற்றியில் நாமத்தோடு வந்த அக்கா நோட்டைப் பார்த்தார்.

“இது என்னட்டி?”

“எத்தன தடவ போனாண்ணு எழுதிருக்கேன் அக்கா.”

“பள்ளிக்கூடத்துல ஆஜர் எடுக்கது மாதிரியா? பிள்ளைக்கு ஒரு நாளு லீவு குடு மக்கா.”

சிரிக்க வைக்கத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பால்பாட்டிலில் உப்புச்சர்க்கரைப் பொடி, அதுதான் ஓஆர்எஸ், கலந்து வைத்திருந்தேன். குழந்தை வாயை இறுக மூடிக்கொண்டது. அக்கா பாட்டிலை வாங்கி உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்தார். முகம் கோணியது.

“முட்டத்துல போயி கடல அள்ளிக்கிட்டு வந்தியா?”

“மருந்துன்னா அப்பிடித்தான் இருக்கும் அக்கா.”

“என்னமோ. நீ படிச்சவ. பாலு குடுக்கியா?”

“குடுக்கேன்.”

“அத நிறுத்து. பாலு உள்ள போனா இன்னும் போவும். கூவமாவு காச்சித் தாறேன்.”

கூவைக்கிழங்கு மாவுக் கஞ்சி எங்கள் மாவட்டத்தில் எல்லா வீட்டிலும் வயிற்றுக்குக் கொடுப்பதுதான். ஆனால் பாலை நிறுத்துவதா? நிறுத்தலாமா என்று யோசித்து யோசித்தே காலையில் ஒரு தடவை பால் கொடுக்காமல் விட்டுவிட்டேன். விட்டபிறகு அது தப்பென்று தோன்றியது. கணவருக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டேன். உடனே பதில் வந்தது. “போன் ஆப்புல டாக்டரப் பாரு. இங்க எல்லாரும் அப்பிடித்தான் பாக்காங்க. சும்மா நிண்ணு கலங்காத.”

நோட்டையும் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு, படியின் உச்சிக்குப் போனேன். அக்காவும் பின்னாலேயே வந்தார். ஆனி மாதக் காற்று. எதிரே வயலுக்கு அப்பால் காற்றாலைகள் வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. திரையில் வந்த டாக்டருக்கு என் வயதுதான் இருக்கும். எந்த ஊரோ, வடக்கே எங்கேயோ.

“அங்க மழை பெய்யுதாம்மா? இரைச்சலா இருக்கு.”

“இல்ல டாக்டர். காத்து.”

நோட்டைப் பார்த்து எல்லாவற்றையும் வாசித்தேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். ரத்தம் உண்டா, காய்ச்சல் உண்டா, வாந்தி உண்டா என்றார். இல்லை. வயிற்றுத் தோலை லேசாகக் கிள்ளி விடச் சொன்னார். விட்டதும் தோல் பழையபடி படிந்தது. கிள்ளியதற்குக் குழந்தை அழுதது. “கண்ணீர் வருதா?” என்றார். கொஞ்சமாக வந்தது. கண்ணீரைப் பார்த்து நான் சந்தோஷப்பட்ட ஒரே சமயம் அதுதான்.

“கையில என்ன பாட்டில்? ஜூஸ் எதுவும் கொடுக்கிறீங்களா?”

“இது ஓஆர்எஸ் டாக்டர். வெள்ளம் பதிமுகப் பட்ட போட்டுக் காய்ச்சினது. எங்க வீட்டுல எப்பவும் அதுதான் குடிப்போம், அதான் சிவப்பா இருக்கு.”

“பதிமுகம் வேண்டாம், வெறும் தண்ணி போதும். எவ்வளவு தண்ணியில கலந்தீங்க?”

பாட்டிலைக் காமிராவுக்கு நேரே தூக்கிக் காட்டினேன்.

“ஒரு பாக்கெட் முழுசுமா? இதுலயா?”

பாக்கெட்டில் ஒரு லிட்டர் என்று போட்டிருந்ததை நான் மூன்று தடவை வாசித்திருந்தேன். ஆனால் இவள் ஒரு லிட்டரா குடிக்கப் போகிறாள்? குடிப்பதே நாலு வாய். அந்த நாலு வாயிலேயே முழுச் சத்தும் போய்விட்டால் நல்லதுதானே என்று நானாகவே தீர்மானித்துவிட்டேன்.

“அதைக் கீழ ஊத்திடுங்கம்மா. உப்பு கூடினா உடம்புல இருக்கிற தண்ணியையும் இழுத்துரும்.”

உப்புத் தண்ணீரில் போட்ட உருளைக்கிழங்குத் துண்டு துவண்டு போவதை வருடா வருடம் வகுப்பில் மேசைமேல் வைத்துக் காட்டுகிறவள் நான். பக்கத்து வகுப்புப் பிள்ளைகள்கூட வந்து பார்ப்பார்கள். என் பிள்ளைக்கு நான் செய்தது அதுதான்.

“பால் கொடுக்கிறீங்கள்ல?”

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா காற்றாலையைப் பார்த்தார்.

“காலையில ஒரு தடவ நிறுத்தினேன் டாக்டர்.”

“நிறுத்தாதீங்க. பால், சாப்பாடு எதையும் நிறுத்த வேண்டாம். சரி, கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனா?”

நோட்டைப் புரட்டினேன். அது அதில் இல்லவே இல்லை. டயப்பரில் எல்லாம் தண்ணீராகவே இருந்தது. எது எதுவென்று எப்படிச் சொல்வது? டாக்டர் வீட்டில் குக்கர் விசில் அடித்தது. அவர் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி என்னிடம் வந்தார்.

“டயப்பரைக் கழட்டிடுங்க. பழைய துணியில படுக்க வைங்க. அப்பத்தான் தெரியும். ஸ்பூன் ஸ்பூனா விடாம கொடுங்க. சிங்க் சிரப் எழுதி அனுப்புறேன். சோர்ந்து போனாலோ, குடிக்க மாட்டேன்னாலோ உடனே ஆஸ்பத்திரி. நாலு மணிக்குள்ள ஒண்ணுக்குப் போகலைன்னாலும் எனக்குப் போன் பண்ணிட்டு இருக்காதீங்க, நேரா கிளம்பிடுங்க.”

போன் அணைந்தபோது மணி ஒன்று ஆகப் பத்து நிமிடம்.

“நான் அப்பவே சொன்னேம்லா, கடல்வெள்ளம்னு,” என்றார் அக்கா.

“பாலு நிறுத்தச் சொன்னதும் நீங்கதான்.”

“அது செரி. ஆளுக்கொண்ணு. இறங்கு, நேரம் போவுது.”

லிட்டர் பாட்டிலில் இரண்டு தடவை அளந்தேன். சரியாக இருக்கிறதா என்று மூன்றாவது தடவையும் அளக்கப் போனபோது அக்கா என் கையில் இருந்து பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டார். அவருடைய கணவர் சைக்கிளில் போய் சிரப் வாங்கி வந்தார். தெருமுனை ஆட்டோக்காரரிடம் நாலு மணிக்கு வரச் சொல்லிவிட்டும் வந்தார். பையில் துணி, டார்ச், பைபிள் என்று எதை எதையோ எடுத்து வைத்தேன். அக்கா தன் வீட்டிலிருந்து நாலைந்து துவர்த்து கொண்டுவந்தார். துவைத்துத் துவைத்து வெளுத்துப்போன, ஓரத்தைத் தொட்டால் இழை பிரியும் துண்டுகள். ஒன்றை என் மடியில் விரித்தார். அதன்மேல் குழந்தையைக் கிடத்தினேன்.

அந்த மூன்று மணி நேரத்தைத்தான் சொல்ல வந்தேன். நான் ஸ்பூனால் கொடுத்துக்கொண்டே இருந்தேன். இந்தத் தடவை அவள் முகத்தைத் திருப்பவில்லை. நாக்கைச் சப்பிக்கொண்டு அடுத்த ஸ்பூனுக்கு வாயைத் திறந்தாள். அக்கா எதிரே ஈரச்சாக்கில் பிச்சி மொட்டுகளைக் கொட்டி வைத்துக் கட்டினார். ஞாயிறென்று கடைக்காரர் விடமாட்டாராம். ஒரு முழம் முடிந்ததும் எட்டித் துவர்த்தைத் தொட்டுப் பார்ப்பார். “இல்ல,” என்பார். மறுபடி கட்டுவார். இடையில் ஒரு தடவை பால் கொடுத்தேன். இரண்டு தடவை வயிற்றால் போனது. இரண்டுமே சின்னது. புதுத் துவர்த்து விரித்தோம். மணி மூன்று. மூன்றேகால். நோட்டில் எழுதுவதை மறந்திருந்தேன். பிச்சி மணத்தில் அறையே கனத்துக் கிடந்தது. அந்த நேரம் முழுக்க அவளுடைய முகத்தைத் தவிர வேறெதையும் நான் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு அத்தனை நேரம் யாரையும் அப்படிப் பார்த்துக்கொண்டிருக்க வாய்த்ததில்லை. இன்று அவளை அப்படிப் பார்த்தால், “என்னம்மா?” என்று எழுந்து போய்விடுவாள்.

மூன்றரை தாண்டியிருக்கும். தொடையில் சூடாக இறங்கியது. எனக்கு நம்பிக்கை வரவில்லை.

“அக்கா, இது அதுதானா?”

அக்கா துவர்த்தைத் தொட்டு, மூக்கருகே கொண்டுபோய், வெளிச்சத்தில் பிடித்தும் பார்த்தார்.

“மூத்திரம்தான் மக்கா. நல்லா போயிருக்கா. நீ எதுக்குட்டி அழுக? பிள்ளைக்கு ஏத்தின வெள்ளத்த எல்லாம் நீ விடுதியா?”

டாக்டருக்குச் செய்தி அனுப்பினேன். ‘நல்லது. ராத்திரியும் கொடுங்க’ என்று பதில் வந்தது. நாலு மணிக்கு வாசலில் வந்து நின்ற ஆட்டோவை அக்கா பேசித் திருப்பி அனுப்பினார். அப்புறம்தான் நாங்கள் இரண்டு பேரும் மத்தியானம் சாப்பிடவில்லை என்பது ஞாபகம் வந்தது. ஆறிப்போன கஞ்சியும் சிறுபயறும் கொண்டுவந்தார். நான் கிண்ணத்தை வாய்க்குக் கொண்டுபோனேன். மடியில் கிடந்தவள் தலையைத் தூக்கி, கையை நீட்டி, கிண்ணத்தின் விளிம்பைப் பிடித்தாள்.

கொடுக்கலாமா, டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாமா என்று போனைப் பார்த்தேன். சாப்பாட்டை நிறுத்த வேண்டாம் என்றுதானே சொன்னார்?

“கேக்காளே, குடு,” என்றார் அக்கா.

இரண்டு சோற்றுப் பருக்கையை விரலால் மசித்து வாயில் வைத்தேன். விழுங்கினாள். மறுபடியும் கையை நீட்டினாள்.