டிக்கெட் இல்லாமல் கேம்பல் பே வரை

நாங்கள் இருவரும் ஒரே கேன்டீனின் பின்கட்டில் வேலை பார்த்தோம். போர்ட் பிளேயரில், ஃபீனிக்ஸ் பே கப்பல் ஜெட்டிக்குப் பக்கத்தில் இருந்தது அது. முன்பக்கம் கப்பல் ஆட்கள் சாப்பிடுவார்கள். பின்பக்கம் அவள் பாத்திரம் கழுவுவாள், நான் மாவு பிசைவேன். எங்களை முன்னால் வரவிடமாட்டார்கள். அவளுக்குக் கையிலும் கழுத்திலும் வெள்ளை விழுந்திருந்தது. எனக்கு வாய் அடங்காது.

நான் கச்சால் தீவின் தோட்டத்துப் பிள்ளை. இலங்கையிலிருந்து கொண்டுவந்து ரப்பர் தோட்டத்தில் குடியேற்றிய ஜனம் நாங்கள். அங்கேயே கட்டிக்கொடுத்தார்கள். புருஷன் குடித்துவிட்டு அடிப்பான். ஒருநாள் நானும் அடித்தேன், அவன் பல் போனது. அவன் வருஷக்கணக்கில் அடித்ததை யாரும் பேசவில்லை. என் ஒரே அடியைத் தோட்டம் முழுக்கப் பேசினார்கள். வீட்டுப் பக்கம் வராதே என்றார் அப்பா. போர்ட் பிளேயருக்கு வந்துவிட்டேன்.

அவள் ஊர் கேம்பல் பே, தீவுகளின் தெற்குக் கோடி. அவளுடைய அப்பா பட்டாளத்தில் இருந்து, அரசாங்கம் நிலம் கொடுத்து அங்கே குடியேறியவர். அவர் இருந்தவரை அவளைப் படிக்க வைத்தார். அவர் போன பிறகு, அண்ணன் வீட்டுக்கு யாராவது வந்தால் அவளைப் பின்னறையில் உட்காரச் சொன்னார்கள். பொறுத்துப் பார்த்துவிட்டுக் கப்பலேறினாள். வெள்ளை என்பது தோலில் நிறம் போவது. ஒட்டாது. இதை எத்தனையோ பேரிடம் கத்தியிருக்கிறேன். படித்தவர்களிடமும் கத்த வேண்டியிருக்கிறது.

டெலானிபூர் சரிவில், அரசாங்கக் குவார்ட்டர்ஸுக்குக் கீழே, தகரக் கூரை போட்ட ஓர் அறையில் சேர்ந்து இருந்தோம். கோடையில் குழாயில் தண்ணீர் தினமும் வராது. வரும் நாளில் பிடித்து டிரம்மில் வைக்க வேண்டும். அங்கிருந்த குடித்தனங்களுக்கெல்லாம் பொது டிரம். அவள் அதில் குவளையை விட்டு மொண்டுவிட்டாள் என்று பக்கத்து வீட்டுக்காரி டிரம்மையே கவிழ்த்தாள். மே மாதத்தில், அவ்வளவு தண்ணீரை. இந்தியில் எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தையெல்லாம் அன்றைக்குத் தீர்ந்துபோயின. வீட்டுக்காரர் வந்தார். வெள்ளை விழுந்தவள் போகட்டும், இல்லையென்றால் இரண்டு பேரும் கிளம்புங்கள் என்றார்.

அவள் அண்ணனுக்குப் போன் போட்டாள். வா, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு இரு என்றானாம். டிக்கெட் எடுத்த பிறகுதான் என்னிடம் சொன்னாள். தன்னால் எனக்கும் இடமில்லாமல் போக வேண்டாமாம். நான் அவளோடு பேசுவதை நிறுத்தினேன். கப்பல் புறப்படும் நாளில் மட்டும் அவள் பையைத் தூக்கிக்கொண்டு கூடப் போனேன்.

வழியனுப்ப வருகிறவர்கள் கப்பலுக்குள் ஏறி, படுக்கிற பங்க்கைப் பார்த்துக் கொடுத்துவிட்டு இறங்குவது இங்கே வழக்கம். நானும் ஏறினேன். பையை வைத்துவிட்டு இறங்கியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். மறுபடியும் அந்தப் பின்னறைக்கா, சம்பளமில்லாத வேலைக்காரியாகவா போகிறாய் என்று ஆரம்பித்தேன். வழியனுப்ப வந்தவர்கள் இறங்குங்கள் என்று ஒலிபெருக்கியில் சொன்னது காதில் விழுந்தது. சொல்லட்டும் என்று இருந்தேன். நான் சொல்ல வேண்டியது இன்னும் பாக்கி இருந்தது. முடித்தபோது காலுக்குக் கீழே தரை அசைந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். ஏணியை எடுத்துவிட்டார்கள்.

டிக்கெட் பார்க்க வந்த அதிகாரி என்னைப் பிடித்தார். நான் சண்டைக்குத் தயாரானேன். அதற்குள் அவள் எனக்கு முன்னால் வந்து நின்றாள். ஆட்கள் இருக்கும் இடத்தில் துப்பட்டாவுக்குள்ளேயே கையை வைத்திருப்பவள், இரண்டு கையையும் வெளியே எடுத்து ஆட்டி ஆட்டி இந்தியில் பேசினாள். அபராதத்தோடு டிக்கெட் போடுங்கள், நான் கட்டுகிறேன், இவளிடம் மட்டும் பேச்சுக் கொடுக்காதீர்கள், கடித்துவிடுவாள் என்றாள். அவர் சிரித்துக்கொண்டே டிக்கெட் எழுதினார்.

தீவில் பிறந்தும் எனக்குக் கப்பல் ஆகாது. மழைக்காலம் தொடங்கும் நேரம். டென் டிகிரி சேனல் என்னும் ஜலசந்தியில் கடல் எங்களை முறத்தில் போட்டுப் புடைத்தது. புறப்பட்டபோது பக்கத்து பங்க்குப் பெண் அவள் கையைப் பார்த்துவிட்டுத் தன் குழந்தையை இழுத்துக்கொண்டாள். நான் வாந்தி எடுக்கத் தொடங்கியதும் சுற்றியிருந்த எல்லோரும் எழுந்து வேறு பக்கம் போனார்கள். அவள் என் நெற்றியைத் தாங்கிப் பிடித்திருந்தாள்.

"இப்பத் தெரியுதாடி? யாரும் கிட்ட வரலைன்னா காலை நீட்டிப் படுக்க எவ்வளவு இடம் கிடைக்குது பாரு."

சிரித்தேன். சிரித்ததில் மறுபடி வாந்தி வந்தது.

வெறும் சோறு வாங்கி, தண்ணீர் விட்டு, உப்புப் போட்டுப் பிசைந்து கையால் ஊட்டினாள். எனக்கு அப்படி யாரும் ஊட்டியதாக ஞாபகமில்லை. வேண்டாம் என்று திட்டினேன்.

"திட்டு, திட்டு. திட்டுறப்பதான் வாய் திறக்குது" என்று அடுத்த வாயை உள்ளே தள்ளினாள்.

கச்சாலில் கப்பல் நின்றது. நான் அங்கே இறங்கியிருக்கலாம். இறங்கி யார் வீட்டுக் கதவைத் தட்டுவது? படுத்தே கிடந்தேன். அவள் போர்வையை இழுத்து மூடிவிட்டாள்.

கேம்பல் பேயில் அவள் அண்ணன் ஸ்கூட்டரோடு வந்து நின்றிருந்தான். பார்த்தால் கெட்டவனாகத் தெரியவில்லை. அதுதான் எனக்கு எரிச்சல். இரண்டு பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான். பிறகு முழுக்கைச் சட்டை ஒன்றை எடுத்து அவளிடம் நீட்டினான்.

"போட்டுக்கம்மா. வழியில எல்லாரும் பாப்பாங்க."

வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. எனக்குப் பேச உடம்பில் தெம்பில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் சட்டையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அண்ணே, இவளைத் தனியா அனுப்ப முடியாது. கப்பல்லயே செத்துடுவா. நானும் கூடப் போறேன்."

கொண்டுபோய் விட்டுவிட்டு எப்போது வருவாய் என்று கேட்டான்.

"வரலைண்ணே. அங்கேயே இருந்துக்கிறேன்."

ஊரில் என்ன சொல்வார்கள் என்றான். இனிமேல் கூப்பிடமாட்டேன் என்றான். அவள் எல்லாவற்றுக்கும் சரி என்றாள். அவள் குரலில் கோபமே இல்லை. சட்டையைத் திரும்ப அவன் கையிலேயே வைத்தாள். அதே கப்பல் சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும்வரை ஜெட்டியில் உட்கார்ந்திருந்தோம்.

போர்ட் பிளேயரில் வீட்டுக்காரர் எங்கள் சாமானை வாசலில் தூக்கிப் போட்டிருந்தார். கேன்டீனில் என் இடத்துக்கு வேறு ஆள் வந்திருந்தாள். சரிவில் இன்னும் கீழே, யாரும் குடிவராத ஓர் அறையைப் பிடித்தோம். இப்போதும் அங்கேதான் இருக்கிறோம். தங்கையா, சொந்தமா, யார் இவள் என்று அக்கம்பக்கத்தில் கேட்கிறார்கள். நான் கத்துவதற்குள் அவள் முந்திக்கொண்டு, "கூட இருக்கிறவ" என்கிறாள். அதற்கு மேலும் கேட்கிறவர்களிடம் நான் பேசிக்கொள்கிறேன்.